கும்பல் சுமந்த என் பழி

என் தங்கை நிஹாராவைக் கொன்றது, திகனவில் கடைகளுக்குத் தீ வைத்த அந்தக் கும்பல் அல்ல. நான்தான்.

ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சண்டையில பயந்து, அந்தப் பயத்துலயே நோய் புடிச்சி மௌத்தானவ" என்றுதான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை அவர்கள் வாயில் வைத்தவள் நான். தமிழாசிரியை அல்லவா... பிழையில்லாமல் வாக்கியம் அமைக்கத் தெரிந்தவள்!

நான் கத்தியை எடுக்கவில்லை. நஞ்சு கலக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். இவ்வளவுதானா என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். அதன்பிறகு என்னை என்ன செய்யலாம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு நோய்க்குக் காரணம் தேடி அலைய வேண்டிய தேவை இருந்ததே இல்லை. நாடே காரணங்களைக் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொண்டிருந்தது.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தை உம்மா எங்கள் அறைக்குள் ஒளித்துவைத்திருந்தார். வாசலில் வந்து நின்றவர்கள் உம்மாவின் கழுத்தில் கத்தியை வைத்து, "உள்ளே யார்?" என்று கேட்டார்கள். உம்மா அசையவில்லை. சில வருடங்கள் கழித்து உம்மாவுக்கு இரத்தப்போக்கு தொடங்கியபோது, "அன்றைக்குப் பட்ட பயம்தான் வயிற்றில் தங்கிவிட்டது" என்றார்கள். நாங்களும் நம்பினோம். எண்பதுகளின் இறுதியில், மகாவலி ஆற்றில் கிளர்ச்சிக்கார வாலிபர்களின் பிணங்கள் மிதந்துகொண்டிருந்த நாட்களில் உம்மா இறந்துபோனார். அவருடைய ஜனாஸாவைத் தூக்கிச் சென்றவர்கள், வீதியோரத்தில் டயரோடு சேர்ந்து எரிந்துகொண்டிருந்த ஓர் உடலைக் கடந்துதான் மையவாடிக்குப் போனார்கள்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குடலில் புற்றுநோய் வந்து போனார். அவரை யுத்த காலத்தில் ஒரு சோதனைச்சாவடியில் விழுத்தி, வயிற்றில் பூட்ஸால் மிதித்திருந்தார்கள். பிறகென்ன? அவருடைய நோய்க்கும் காரணம் கிடைத்துவிட்டது.

கழுத்தில் வைத்த கத்தி உண்மை. வயிற்றில் மிதித்த பூட்ஸும் உண்மை. ஆனால், நோய் வந்த வழி வேறு. அதை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அறிந்துகொண்டவள் நான். அறிந்துகொண்டு மறைத்தவளும் நான்.

எனக்கு ஐம்பது வயதாகும்போது, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் கண்டது. கெலிஓயாவில் எங்கள் வீட்டிலிருந்து தனியே கண்டிக்குப் போய்க் காட்டினேன். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு வைத்தியம் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். உம்மாவைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார். பிறகு என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார். முடிவு வந்த அன்று என்னைத் தனியே அழைத்து உட்காரவைத்தார்.

"உடம்பில உயிரணுக்கள் பெருகேக்க சின்னச் சின்னப் பிழையள் வரும். அதைத் திருத்துறதுக்கெண்டே மரபணுக்கள் இருக்குது. உங்களுக்கு அப்பிடி ஒண்டிலயே பிழை. அம்மாவிட்ட இருந்து வந்திருக்குது" என்றார். "தங்கச்சி இருக்கிறா எண்டனீங்கள். அவவுக்கும் வந்திருக்கலாம், வராமலும் விட்டிருக்கலாம். பாதிக்குப் பாதி. சோதிச்சுப் பார்த்தால்தான் தெரியும்."

"இருந்தா என்ன செய்ற டொக்டர்?"

"பிள்ளையள் போதுமெண்டால், நோய் வர முன்னமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். இல்லாட்டி ஒழுங்காச் சோதிச்சுக்கொண்டு வரலாம். ஆனா, மாதவிடாய் குழம்பி ரத்தம் போகத் தொடங்கினால் பொறுக்கப்படாது. உடன வரவேணும். அவவின்ர பிள்ளையளுக்கும், ஆம்பிளைப் பிள்ளையெண்டாலும், இது போகலாம். நான் அவையளைத் தேடிப் போய்ச் சொல்லேலாது. நீங்கள்தான் சொல்லவேணும். சொல்லுவீங்கள்தானே?"

"செல்றேன் டொக்டர்" என்றேன்.

சொல்லவில்லை.

ஏன்? சிரிக்காதீர்கள். என் மகள் ஷிஃபாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை, நிஹாராவின் கணவருடைய ராத்தாவின், அதாவது அக்காவின், மகன். படித்த பையன், நல்ல இடம். நிஹாராவிடம் சொன்னால் அவள் கணவரிடம் சொல்வாள். கணவர் தன் ராத்தாவிடம் சொல்லாமல் இருப்பாரா? "பரம்பரையிலேயே புற்றுநோய் உள்ள வீடு" என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், நிக்காஹ் நின்றுவிடும். அதனால் என் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது என்றும், எடுத்துவிட்டார்கள் என்றும் எல்லோரிடமும் சொன்னேன். கணவரிடம்கூட அவ்வளவுதான். நிக்காஹ் முடியட்டும், அடுத்த நாளே தங்கையிடம் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இதை எழுதும்போது விரல்கள் கூசுகின்றன... "எனக்குக் கட்டி வந்ததால ஒனக்கும் ஒருக்காப் பார்க்கணுமாம்" என்று சொல்லி, ஷிஃபாவை இரகசியமாக டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பயந்து அழுதாள். அறைக்கு வெளியே வைத்து, நிஹாராவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீ யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். இரத்தம் எடுத்தார்கள்.

"தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

"வருவா டொக்டர். கடை வேலை..."

பாருங்கள்! என் வயிற்றில் பிறந்தவளுக்கு ஒரு நியாயம். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவளுக்கு வேறு நியாயம்.

நிஹாராவின் கணவர் கண்டிக்கு அருகில் திகனவில் புடவைக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. கடையில் தகப்பனுக்குத் துணையாக ஒரே மகன் அஸீம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பின்பக்கத்து மதிலை ஒட்டிக் குசுமா என்ற சிங்களப் பெண்ணின் வீடு. நோன்புக் கஞ்சியும் பாற்சோறும் அந்த மதிலுக்கு மேலால்தான் போய் வரும். குசுமாவின் மகன் சுமித், அஸீமோடு சேர்ந்து கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன்.

அன்று கல்யாணப் புடவைகளைத் தெரிவு செய்வதற்காக நான் திகனவுக்குப் போயிருந்தேன். ஊருக்குள் முஸ்லிம்களுக்கு எதிராக ஏதோ பதற்றம் என்று சொன்னார்கள். எத்தனை பதற்றங்களைப் பார்த்தவர்கள் நாங்கள்! நிஹாராவின் கணவர் காலையிலேயே கண்டிக்குப் போய்விட்டார். அஸீம் கீழே கடையில் நின்றான். நானும் நிஹாராவும் மேல்வீட்டில், கட்டில் முழுக்கப் புடவைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானச் சோறு தின்ற பிறகு, அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ராத்தா, எனக்கு இப்ப கொஞ்ச நாளா மாசத்துல ரெண்டு மூணு தரம் வருது. கட்டி கட்டியாப் போகுது. ஒங்களுக்கு வந்த கட்டி எனக்கும் வந்தீக்குமோ?"

என் வாய் திறந்தது. எந்தச் சொல் வெளியே வர இருந்தது? உண்மையா, பொய்யா? அதன்பிறகு எத்தனையோ முறை என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். உண்மைதான் வர இருந்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை, தெரியுமா! ஆனால், எனக்கே தெரியாது.

அந்தக் கணத்தில் முதல் கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது.

கண்ணாடித் துண்டுகள் புடவைகளின் மேல் சிதறின. நிஹாரா அலறினாள். எனக்குள் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி! பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி! எங்களைக் கொல்ல வந்தவர்களின் கல்லுக்கு என் நெஞ்சு ஒரு கணம் நன்றி சொன்னது. அந்த ஒரு கணத்துக்காகவே என்னை எரித்திருக்கலாம்...

அதற்குப் பிறகு நடந்தவை, தீயும் இரத்தமும்தான்.

கீழே இரும்புக் கம்பிகளால் கடையின் இரும்புக் கதவில் அடித்தார்கள். வீடு முழுவதும் அதிர்ந்தது. ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தோம். வீதி நிறைய மனிதர்கள். அஸீமைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவனுடைய வாயில் பொல்லுத் தடியால் அடித்தான். அவன் உடைந்த பற்களைத் துப்பியதை நிஹாரா பார்த்தாள். "என்ட புள்ள! என்ட புள்ள!" என்று படிக்கட்டை நோக்கி ஓடினாள். நான் அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்தாள்; நான் விடவில்லை. அதற்குள் பெற்றோல் போத்தல் கடைக்குள் விழுந்துவிட்டது. புடவைகள் எரியும் கறுத்த புகை படிக்கட்டு வழியே மேலே ஏறி வந்தது.

கும்பலில் சுமித்தும் நின்றான். அவனுடைய கையிலும் பொல்லு இருந்தது. நிஹாரா அவனைப் பெயர் சொல்லி அழைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்பக்கத்தால் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. குசுமாவின் வீட்டுச் சாய்ப்பின் மேல் குதித்தோம். கூரைத் தகடு பிளந்தது. இருவரும் தகட்டோடு சேர்ந்து கீழே விழுந்தோம். நிஹாராவின் தொடையைத் தகட்டின் விளிம்பு கிழித்துவிட்டது. குசுமா ஓடி வந்தாள். எங்களை இழுத்துக்கொண்டு போய் விறகு அறைக்குள் தள்ளிக் கதவை மூடினாள்.

சற்று நேரத்தில் முற்றத்தில் காலடிகள் கேட்டன. கதவின் இடுக்கால் பார்த்தேன். குசுமா தேங்காய் உரிக்கும் அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, கையில் பிடித்துக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"மெஹே கவுருத் நே!" என்று கத்தினாள். இங்கே ஒருவரும் இல்லை!

"அம்மே, வழி விடு" என்றது ஒரு குரல். சுமித்தின் குரல்.

"முதலில் என்னைக் கொல்லு. அதன்பிறகு இந்தக் கதவைத் திற" என்று குசுமா சிங்களத்தில் சொன்னாள்.

பிறகு காலடிகள் திரும்பிப் போயின.

விறகு அறையின் இருளில் நிஹாரா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் காதோடு சொன்னாள்:

"ராத்தா, உடுப்பெல்லாம் ரத்தம். காலுல இருந்தா வருது?"

கையால் தடவிப் பார்த்தேன். தொடைக் காயத்திலிருந்து வந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. சூடாக, கட்டி கட்டியாக. என் கை நனைந்துபோயிற்று. எனக்குத் தெரியும்! அந்த இருளில், அந்த இரத்தத்தின் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான்தான்!

"பயத்துல வந்தீக்கி" என்றேன். "உம்மாக்கும் இப்படித்தானே வந்திச்சி. சத்தம் போடாத."

அவள் நம்பினாள்.

இராணுவம் வந்த பிறகு எங்களைக் கெலிஓயாவுக்கு, என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். உடைந்த தாடையோடு அஸீம் உயிர் பிழைத்தான். கடையும் வீடும் கரியாகிவிட்டன. பாதிக்கப்பட்டவர்களைப் பார்ப்பதற்குப் பள்ளிவாசலுக்கு ஓர் இளம் டொக்டர் வந்திருந்தார். நிஹாராவிடம், "எத்தனை நாளாக இரத்தம் போகிறது?" என்று கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். "சண்டை அன்னைக்குக் குதிச்சதுல இருந்துதான் டொக்டர்."

நிஹாரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது என்று அவள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. ராத்தா படித்தவள், ஏதோ காரணத்தோடுதான் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். டொக்டர் இரும்புச்சத்து மாத்திரைகளைக் கொடுத்து, நிற்காவிட்டால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "அதிர்ச்சியில் இப்படி வருவதுண்டு" என்று அவரும் தலையாட்டினார். என் பொய்க்கு ஒரு டொக்டரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது!

ஷிஃபாவின் முடிவு வந்த நாளைச் சொல்கிறேன். அவளிடம் அந்த மரபணுப் பிழை இல்லை. டொக்டர் தொலைபேசியில் சொன்னதும் குசினிக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு மகிழ்ச்சியில் அழுதேன். அடுத்த அறையில் நிஹாரா படுத்திருந்தாள். எழுந்து வந்து, "எனத்துக்கு ராத்தா அழுற? எங்கட வீடு எரிஞ்சதுக்கா?" என்று கேட்டு என் முதுகைத் தடவிவிட்டாள்.

ஓம் என்று தலையாட்டினேன்... மனிதப் பிறவிதானா நான்?

மகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்! ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் அந்த நுணுக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்று பயந்தேன். நிக்காஹ் நடந்தது. மணப்பெண்ணுக்கு மருதாணி இட்டவள் நிஹாரா. கறை தெரியக் கூடாதென்று கறுத்தப் புடவை உடுத்து வந்திருந்தாள். சோறு பரிமாறும்போது இரண்டு முறை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் சொல்வதாகச் செய்த சத்தியம்? அடுத்த நாள், "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி பெருத்துக்கொண்டே போனது. அவள் களைப்பு என்பாள். "ஒனக்குக் கவலை" என்பேன். இடுப்பு நோகிறது என்பாள். "விழுந்தது இன்னும் ஆறல்ல" என்பேன். ஸ்கேன் எடுக்கவா என்று கேட்டாள். "கடைய கட்டி முடிச்சிட்டுப் பார்க்கலாம்" என்றேன். அவளுடைய கணவரும் மகனும் கரிந்த சுவர்களை மீண்டும் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் மெலிந்துகொண்டே போனாள்.

கடைசியில் ஒரு நாள், கடையைப் பார்க்கப் போன இடத்தில் வாசலில் மயங்கி விழுந்தாள். கண்டிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது.

அவளைப் பார்க்க வந்தவர் அதே டொக்டர்! வார்டுக்கு வெளியே என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவதான் அந்தத் தங்கச்சியோ?"

"ஓ டொக்டர்."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

இப்போதாவது உண்மையைச் சொன்னேன் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை! "செல்லிட்டேன் டொக்டர்... அவதான் வராம ஈந்திட்டா" என்றேன்.

செத்துக்கொண்டிருந்தவளின் தலையில் பழியைப் போட்டேன். அந்த மெலிந்த தலையில்!

டொக்டர் உள்ளே போய், நிஹாராவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆதரவாகக் கடிந்துகொண்டார். "அக்கா சொன்ன உடன வந்திருக்கலாமே அம்மா. பரம்பரையில வாற வருத்தம் எண்டு தெரிஞ்சும் இப்பிடி விடலாமோ?"

நிஹாரா டொக்டரைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக... மாதத்தில் இரண்டு மூன்று தரம் வருகிறது என்று சொன்ன நாள், விறகு அறை, பள்ளிவாசல், கல்யாண வீடு என்று எல்லாவற்றையும் அவள் சேர்த்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"தப்புத்தான் டொக்டர்" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டொக்டர் போன பிறகு, "ஒங்களுக்கு முந்தியே தெரிஞ்சீக்கி, என்னா ராத்தா?" என்று மட்டும் கேட்டாள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்: "அஸீமுக்காவது செல்லுங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தன் கணவரிடமும் சொல்லவில்லை. ஷிஃபா அவருடைய ராத்தா வீட்டு மருமகள். அவளுக்காகத்தான் சொல்லாமல் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். அல்லது என்னைப் பற்றிப் பேசுவதற்கே அருவருத்தாளோ... தெரியாது.

ஜனாஸா வீட்டில் அஸீம் சுவரில் தலையை மோதி அழுதான். "அவனுகள்தான் என்ட உம்மாவக் கொன்டானுகள்! சுமித்தும் சேர்ந்துதான் கொன்டான்!" என்று கத்தினான். ஆண்கள் அவனைப் பிடித்து அடக்கினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு, "ஓ மகன், அந்தப் பயத்துலதான்..." என்று அழுதார்கள்.

நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் போதும். 'இல்ல மகன், அவனுகள் இல்ல.' இவ்வளவுதான்! என் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

சில வாரங்களில் அஸீம் ஓர் இரும்புக் கம்பியோடு சுமித்தைத் தேடிப் போனான். பட்டப்பகலில், பஸ் தரிப்பிடத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அடித்தான். விழுந்தவனையும் விடவில்லை. "உம்மாக்கு! உம்மாக்கு!" என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். இழுத்துப் பிடித்தவர்களின் உடுப்பெல்லாம் இரத்தமாம். சுமித்தின் மண்டை ஓடு உடைந்துபோயிற்று. உயிர் மட்டும் தப்பியது. இன்று அவனுக்கு வலது பக்கம் இயங்காது. ஒரு கண் தெரியாது. பேச்சு குழறும். குசுமாதான் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள்.

குசுமா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் மகன் கல் எறிந்தான். பொல்லெடுத்து அடித்தான். அது பாவம். அதற்கு அவனைச் சிறையில் போட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னாள். "ஆனால் மிஸ், நீங்கள் படித்தவர். கல்லெறிந்தால் ஒரு பெண்ணின் வயிற்றில் புற்றுநோய் வருமா? சொல்லுங்கள். வருமா?"

எங்களைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற மகனுக்கு எதிரே அலவாங்கோடு நின்றவள் அவள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்றேன்.

அஸீமுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். நிஹாரா கடைசியாகக் கேட்ட ஒன்றையும் நான் நிறைவேற்றியிருக்கவில்லை. ஒரு நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அப்பால் வந்து உட்கார்ந்தான். உடைந்த தாடை ஒரு பக்கம் இழுத்துப் பொருந்தியிருந்தது. என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தான்.

"நீங்க அழாதீங்க பெரியம்மா. எனக்குக் கவல இல்ல. உம்மாக்காகத்தானே செஞ்சேன்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய இரத்தத்திலும் அது இருக்கலாம் என்பதை, ஆண்களுக்குக் குடலில் வரும் என்பதை, சோதித்துப் பார்த்தால் தப்பிக்கலாம் என்பதை... எனக்கு எப்போதிருந்து தெரியும் என்பதையும்.

அவன் கத்துவான், வலையைக் குலுக்குவான், என் முகத்தில் துப்புவான் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்! அவன் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உம்மாக்குத் தெரியுமா?"

"கடைசியில தெரிஞ்சிச்சி மகன்."

பிறகு சின்னப் பிள்ளையைப்போல என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப நான் சுமித்த எனத்துக்குப் பெரியம்மா அடிச்ச?"

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னார். அவன் எழுந்திருக்கவில்லை. நான்தான் எழுந்து வந்தேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னிக்கக் கூடியவள் மண்ணுக்குள் இருக்கிறாள். குசுமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த வீட்டு வாசல்வரை பலமுறை போயிருக்கிறேன். உள்ளே சுமித் குழறும் சத்தம் கேட்டதும் கால்கள் திரும்பிவிடுகின்றன. நிஹாராவின் கணவரும் இன்றுவரை கும்பலைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறார். கும்பல் வீட்டை எரித்தது, அஸீமின் தாடையை உடைத்தது, எங்களைக் கொல்ல வந்தது. அந்தப் பாவங்கள் அவர்களுடையவை. ஆனால், என்னுடையதையும் சேர்த்து அவர்கள் தலையில் ஏற்றிவிட்டேன். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் அது பிசகாகத் தெரியவில்லை!

அஸீம் இப்போது என்னைப் பார்க்க மறுக்கிறான். டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, அவருடைய காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சிறை வைத்தியரோடு பேசினார். அங்கேயே அவனுடைய இரத்தத்தை எடுத்துச் சோதிப்பதற்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். எடுக்கப் போனவர்களிடம் அவன் கையை நீட்ட மறுத்துவிட்டான்.

"வந்தா வரட்டும்" என்றானாம்.

குடலில் வருகிறதா என்று என்னை ஒழுங்காகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த முறையும் ஒன்றுமில்லையாம். நான் நன்றாக இருக்கிறேனாம்.